தன் முதுகு தெரியாத சக ஊழியரோடு வேலை செய்வது எப்படி? பினாங்கு பேக்டரியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

காலை 8.30 மீட்டிங். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த ஒரு பேக்டரியில் அது நின்றுகொண்டே நடக்கும். 15 நிமிடத்தில் முடிய வேண்டும் என்றுதான் நாற்காலியே போடவில்லை. நேற்று எத்தனை சர்க்யூட் போர்டு வெளியேறியது, எந்த மெஷின் படுத்தது, இன்றைக்கு என்ன சாமான் குறைகிறது, அவ்வளவுதான் பேச்சு. எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருந்தார். 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ். யாராவது பாதி வாக்கியம் சொல்வதற்குள் "சிம்பிள் மேட்டர், சிம்பிள் மேட்டர்" என்று உள்ளே நுழைவார். அந்தச் சிம்பிள் மேட்டர் பத்து நிமிடம் ஓடும். அவர் ஆரம்பித்ததும் குவாலிட்டியில் இருந்த மலாய்ப் பெண் ஒருத்தி பேனாவுக்கு மூடி போடுவாள். டிக் என்று ஒரு சத்தம். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற ஒன்பது பேருக்கும் தெரியும். பத்தாவது ஆள் அண்ணன்.

அவர் கெட்டவர் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் வாசலில் முதலில் நிற்பது அவர் காடிதான். வெள்ளிக்கிழமை தோறும் எல்லாரும் பசியாற அப்பம் வாங்கி வருவார். "நான் எப்பவும் மத்தவங்களைப் பேச விட்டுட்டுத்தான் பேசுவேன்" என்று ஒரு தடவை சொன்னார். மனதார நம்பித்தான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். அப்படி அடக்கிக்கொண்டதுதான் எங்கள் தப்பு என்று எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது.

இந்த மாதிரி ஆளோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டதை, நான் தப்பாகச் செய்து சூடு பட்டதையும் சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். நிறைய பேர் நேராக ஐந்தாம் படிக்குத் தாவிவிட்டு, "சொல்லிப் பார்த்தேன், திருந்தல" என்கிறார்கள்.

முதல் படி: அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா?

தெரியாமல் செய்கிறவர், தெரிந்தே செய்கிறவர், இருவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். மருந்து மட்டும் வேறு. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான்: பெரிய மேனேஜர் அறைக்குள் வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சட்டென்று அடங்கி, எல்லாரையும் பேசவிட்டுப் புன்னகையோடு நிற்கிறாரா? அப்படியானால் அவருக்குத் தெரியும். உங்கள் முன்னால் அடங்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார். இந்த வழிகாட்டி அவருக்கு உதவாது, கடைசியில் "இதற்கு மேல் அறியாமை என்று பேசாதீர்கள்" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள். மேனேஜர் முன்னாலும் அதே "சிம்பிள் மேட்டர்" என்றால் தெரியாதவர். எங்கள் அண்ணன் ஜெனரல் மேனேஜரையே இரண்டு தடவை இடைமறித்தவர்.

வேறு காரணங்களும் இருக்கலாம். காது மந்தமாக இருப்பவர் கத்திப் பேசுவார். மலாயோ இங்கிலீஷோ சரளமாக வராதவர் சொல்வது வெட்டென்று இருக்கும், அது திமிர் இல்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மூன்று மாதமாகத் தூங்காதவர் எரிந்து விழுவார். இவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் முதுகையும் பாருங்கள்

சல்லடை ஊசியைப் பார்த்து ஓட்டை என்ற கதை ஆகிவிடக் கூடாது. 1979இல் ராஸ், சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் கணவன் மனைவிகளிடம் தனித்தனியே, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வீடுகளில் நூற்றுக்கு மேல் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தன் கண்ணில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது நிற்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். அலுவலகத்திலும் "எல்லாத்தையும் நான்தானே இழுத்துட்டுப் போறேன்" என்று ஒரே பிரிவில் நான்கு பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே உங்களுக்கு ஜால்ரா அடிக்காத ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். கேள்வி முக்கியம். "என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால் "இல்லையே, ஓகே லா" என்றுதான் பதில் வரும். "மீட்டிங்ல நான் செய்யுறதுல எதை நிறுத்தினா உனக்கு வேலை சுலபமாகும்?" என்று கேளுங்கள். நான் ஸ்டோரில் இருந்த சீன நண்பரிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. கேண்டீனில் அவர் உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே நாங்கள் மூன்று தமிழர்கள் தமிழில் பேசிச் சிரிப்போமாம். தன்னைப் பற்றித்தானோ என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாராம். ஆறு வருஷமாக. எங்களுக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை.

இதற்குப் பிறகு அண்ணன் மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. சொல்லப் போகிறவருக்கு அது நல்லது. கோபத்தோடு போனால் குரல் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்ன 555 நோட்டு இருக்கிறதே, அதில் ஒன்று போதும். தேதி, நடந்தது, அதனால் வேலைக்கு என்ன ஆனது. மூன்றே விஷயம். "திமிர் பிடித்த பேச்சு" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. "செவ்வாய். சப்ளையர் தாமதம் பற்றி நான் சொல்லும்போது இரண்டு தடவை இடைமறித்தார். தாமதத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. புதன் மதியம் லைன் 40 நிமிடம் நின்றது" என்று எழுதினால் அது நடந்தது.

இரண்டு வாரம் எழுதியபின் எண்ணிப் பாருங்கள். சில சமயம் ஏமாற்றமாக இருக்கும். தினமும் நடப்பதாக நினைத்தது மூன்று தடவைதான் நடந்திருக்கும். அப்படியானால் விட்டுவிடலாம். சில சமயம் ஓர் ஒழுங்கு தெரியும். எங்கள் அண்ணன் திங்கள், செவ்வாயில்தான் அதிகம் பேசினார். வார இறுதி ஷிப்டில் நடந்ததை யாரும் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தார்கள். தனக்குத் தெரியாதது நடந்துவிட்டது என்ற பதற்றத்தில் பேச்சு கூடியிருக்கிறது. நோட்டு இல்லாவிட்டால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது.

நான்காம் படி: இதுவரை யாரும் ஏன் சொல்லவில்லை?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். மற்ற படிகளெல்லாம் இதில்தான் நிற்கின்றன.

திறமை குறைந்தவருக்கே தன் குறை தெரியாமல் போகும் என்பது ஆராய்ச்சியில் வந்த சங்கதி. 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் க்ரூகரும் டன்னிங்கும் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை ஆகியவற்றில் சோதனை வைத்தார்கள். கடைசிக் கால் பகுதியில் இருந்தவர்கள், நூறு பேரைக் கீழிருந்து வரிசையாக நிறுத்தினால் சராசரியாக 12ஆவது இடத்துக்கு உரியவர்கள். அவர்களோ தங்களை 62ஆவது இடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒரு வேலையைச் சரியாகச் செய்ய எந்த அறிவு வேண்டுமோ, அது சரியில்லை என்று கண்டுபிடிக்கவும் அதே அறிவுதான் வேண்டும்.

ஆனால் எங்கள் அண்ணன் வேலையில் கெட்டிக்காரர். அவர் விஷயம் வேறு. 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டக் டக் மட்டுமே. அண்ணன் தலைக்குள் ஓடியது "பாவம் பிள்ளைங்க, தடுமாறுதுங்க, கைகொடுப்போம்". வெளியே வந்தது "சிம்பிள் மேட்டர்".

இந்த இடைவெளியை அடுத்தவர் சொன்னால்தான் தெரியும். அடுத்தவர்களோ சொல்வதில்லை. கெட்ட சேதியைச் சொல்ல மனிதர்கள் தயங்குவதை ரோசன், டெஸ்ஸர் என்ற இருவர் 1970லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். நம் ஊரில் இந்தத் தயக்கத்துக்கு மூன்று மொழியில் மூன்று பெயர் உண்டு. மலாய்க்காரர்கள் ஜாகா ஆயர் முகா என்பார்கள், அடுத்தவர் முகம் வாடாமல் காப்பது. ஹொக்கியனில் பாய்சே, சங்கடம். நாம் "பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்போம். மூன்று இனமும் ஒன்றாக நின்று, மூன்று விதமான மரியாதையால், ஒரு மனிதருக்குத் தன் முதுகைக் காட்டாமல் வைத்திருந்தோம். போதாததற்கு ஒவ்வொரு வருஷமும் அப்ரைசலில் மேனேஜர் "குட் டீம் பிளேயர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 20 வருஷம் நல்ல பிள்ளை என்ற சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர் தன்னை ஏன் சந்தேகப்படப் போகிறார்?

(மனிதருக்குத் தெரியாமல் மற்றவருக்குத் தெரியும் பகுதியை ஜோஹாரி ஜன்னல் என்ற வரைபடத்தில் குருட்டுப் பகுதி என்று போடுவார்கள். பயிற்சி வகுப்பில் முதலில் கேட்டபோது ஜோஹாரி யாரோ ஜொகூர் பக்கத்துப் பேராசிரியர் என்று நினைத்தேன். 1955இல் அதை வரைந்த ஜோசப், ஹாரிங்டன் என்ற இரு அமெரிக்கர்களின் பெயர்ச் சுருக்கமாம், ஜோவும் ஹாரியும்.)

ஐந்தாம் படி: சொல்லுதல்

எப்படிச் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு நல்ல அனுபவம். முதலில் வாட்ஸாப் குரூப்பில் போட்டேன்: "நாளையிலிருந்து மீட்டிங்கில் எல்லாரும் சுருக்கமாகப் பேசுவோமா?" முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டவர் அண்ணன். அதோடு நிற்கவில்லை. மதியம் என்னைத் தேடி வந்து, "நல்ல வேளை சொன்னேம்மா, இங்க சில பேரு ரொம்பப் பேசுறாங்க" என்றார். ஜாடை மாடை தன்னை அறியாதவரிடம் செல்லாது. ஜாடையைப் பிடிக்கத் தெரிந்தால் அவருக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

நேரில், தனியாக, ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சமயத்தில் நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் நிறுவனம் சூழல், செயல், விளைவு என்று இதைச் சொல்லிக்கொடுக்கிறது. 555 நோட்டில் நீங்கள் எழுதியதும் அதே மூன்றுதான். பேச்சு ஆளைப் பற்றிப் போகாமல் வேலையைப் பற்றி நிற்க வேண்டும். க்ளூகர், டெனிசி ஆகிய இருவரும் 1996இல் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். கருத்துச் சொன்னதால் வேலை முன்னைவிட மோசமானது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பேச்சு வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் போகப் போகப் பலன் குறைந்தது.

இடமும் நேரமும் பாருங்கள். நோன்பு மாதத்தில் நோன்பிருப்பவரிடம் மாலை ஐந்து மணிக்கு இதை எடுக்காதீர்கள். போனஸ் கடிதம் வரும் வாரமும் வேண்டாம். நாசி கண்டார் கடையும் வேண்டாம், பக்கத்து மேசையில் யாராவது தெரிந்தவர் இருப்பார், பினாங்கு சின்ன ஊர். எனக்கு வாய்த்த இடம், தீவையும் அக்கரையையும் இணைக்கும் பினாங்குப் பாலம். நான் அக்கரையில் பிறைப் பக்கம், அண்ணன் வீடும் அங்கேதான். என் காடி ரிப்பேருக்குப் போன வாரம் அவர் காடியில் வந்தேன். 13.5 கிலோமீட்டர் பாலம், சாயங்கால ஜேம், இரண்டு பேரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். முகத்தைப் பார்க்காமல் பேசலாம். சங்கடமான பேச்சுக்கு அதைவிட நல்ல இருக்கை எனக்குத் தெரியாது. (ஓட்டுகிறவர் கோபக்காரர் என்றால் வேண்டாம்.)

"அண்ணே, காலையில மீட்டிங்ல ஒண்ணு பார்த்தேன். சொல்லலாமா?"

"சொல்லும்மா."

"அந்தப் பிள்ளை ஓவன் சூடு ஏறி இறங்குதுன்னு ஆரம்பிச்சா. அவ முடிக்கிறதுக்குள்ள நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. அவ அப்புறம் வாயே திறக்கல. மத்தியானம் அதே ஓவன்தான் நின்னுச்சு."

முன்னால் இருந்த லோரியின் பிரேக் விளக்கு அணைந்து எரிந்தது.

"நான் அவளுக்கு உதவத்தானேம்மா பேசினேன்?"

"தெரியும் அண்ணே."

"ஆனா" என்று நான் தொடரவில்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. நம் மனம் தானாக ஆறுதல் சொல்லப் போகும், "பெரிய விஷயம் இல்ல அண்ணே" என்று வாய் வரை வரும். சொல்லிவிட்டால் சொன்னது அத்தனையும் வீண். பிறையில் இறங்கும் வரை அவர் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது கேட்டார்: "எத்தனை நாளா இப்படி?"

"எல்லாரும் சொல்றாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் காதில் வேறெதுவும் விழாது. யார் யார் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். "நான் பார்த்த வரைக்கும் கொஞ்ச நாளாவே" என்றேன்.

ஆறாம் படி: சொன்ன பிறகு

முதல் ஒரு வாரம் நிலைமை மோசமாகும். அண்ணன் மீட்டிங்கில் பேசவே இல்லை. மேனேஜர் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. பயப்படாதீர்கள், இது அவர் தன்னைப் பார்க்கிறார் என்பதன் அடையாளம். இரண்டாவது வாரம் ஒருமுறை பாதியில் நிறுத்தி, "நீ சொல்லி முடி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அன்றைக்கே நான் போய், "இன்னிக்கு அவளைச் சொல்ல விட்டீங்க, கப்பாசிட்டர் பிரச்சினை உடனே தெரிஞ்சிருச்சு" என்றேன். குறை சொன்ன அதே மாதிரி, சம்பவத்தோடு. வெறும் "சூப்பர் அண்ணே" போதாது.

மறுபடி மறப்பார், பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. அவரோடு பேசி ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வைத்தது, நான் நோட்டைக் கைமாற்றிப் பிடிப்பது.

அவரும் உங்களுக்கு ஏதாவது சொல்வார். யாராவது ஏதாவது கேட்டால் நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஹ்ம்ம்" என்பேனாம். "கேக்குறவனுக்கு நாய்கிட்ட பேசுற மாதிரி இருக்கும்மா." சுருக்கென்றது. அந்த நேரத்தில் உங்கள் தரப்பை விளக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது. "சரி அண்ணே, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள்.

ஏழாம் படி: மாறாவிட்டால் வேலி போடுங்கள்

இரண்டு தடவை, மூன்று தடவை சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லையா? அவரைத் திருத்தும் வேலையை விட்டுவிடுங்கள். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை நீங்கள். அவர் அப்படியே இருந்தாலும் வேலை கெடாதபடி முறையை மாற்றுங்கள்.

அதிகம் பேசுகிறவருக்கு: ஒவ்வொரு பிரிவும் மீட்டிங்குக்கு முன்பே மூன்று வரியைப் போர்டில் எழுதிவிட வேண்டும், எழுதியது மட்டும்தான் பேச்சு. மீட்டிங்கை நடத்துபவர் வாரத்துக்கு ஒருவராக மாறட்டும். அவர் முறை வரும்போது அவரே நேரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், பாதிப் பேருக்கு அதிலேயே புத்தி வரும்.

உங்கள் வேலையைத் தன் வேலையாகச் சொல்கிறவருக்கு: பெரும்பாலும் இது திருட்டு இல்லை, மேலே சொன்ன வீட்டு வேலைக் கணக்குதான். தான் போட்ட ஒரு போன் கால் அவருக்கு நினைவிருக்கும், நீங்கள் உட்கார்ந்த மூன்று இரவு நினைவிருக்காது. வேலை நடக்கும்போதே வாரா வாரம் மேனேஜருக்கும் சேர்த்து ஒரு சின்ன மெயில் போடுங்கள்: யார் எதை முடித்தார்கள், யாரிடம் எது இருக்கிறது. அவர் செய்ததையும் தாராளமாக எழுதுங்கள். முடிந்த பிறகு உரிமை கேட்டுச் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

"நான் பார்த்துக்கிறேன்" என்று எல்லாவற்றையும் வாங்கி வைத்துப் பாதியில் விடுகிறவருக்கு: வாங்கும்போதே தேதி கேளுங்கள். அந்த இடத்திலேயே எல்லார் முன்னாலும் போர்டில் எழுதுங்கள். நான்கு தேதி சிவப்பானால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மேலதிகாரியே இப்படி என்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன், பெரிதாக வழி இல்லை. அவர் செய்வதைப் பற்றிப் பேசாமல் உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். "பாஸ், நீங்க அடிக்கடி மாத்துறீங்க" என்பதற்குப் பதில், "பாஸ், புதன்கிழமைக்கு மேல பிளான் மாறலைன்னா ஓ.டி. மிச்சமாகும், அப்படி வச்சுக்கலாமா?" ஓ.டி., அதாவது ஓவர்டைம், குறையும் என்றால் எந்த பாஸும் காது கொடுப்பார். அவருக்குச் சமமான இன்னொரு மேனேஜர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் அவர் வழியாகப் போவது இன்னும் நல்லது.

புதிதாக வந்த இளையவர் என்றால் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். 25 வயதில் பத்து நிமிடத்தில் முடியும் பேச்சுக்கு 50 வயதில் பாலமும் ஜேமும் தேவைப்படுகிறது.

இதற்கு மேல் அறியாமை என்று பேசாதீர்கள்

உடம்பைப் பற்றிப் பேசுவது, தொடுவது, ஆபாச ஜோக், இனத்தை வைத்துக் கிண்டல்: "அவருக்குத் தெரியாது பாவம்" என்ற தள்ளுபடி இவற்றுக்கெல்லாம் கிடையாது. பாலியல் தொல்லை பற்றிய புகார் வந்தால் முதலாளி விசாரிக்க வேண்டும் என்று மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் சொல்கிறது. விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இது பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்கவும் வேண்டும். உங்கள் பேக்டரியில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள்.

மற்ற தொல்லைகளுக்கு எச்.ஆருக்குப் போகும்போது மூன்று தேதி, மூன்று சம்பவம், நீங்கள் பேசிப் பார்த்த நாள், இவற்றோடு போங்கள். "அவரோட ஒத்து வரல" என்று மட்டும் போனால் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்வார்கள். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி நீட்டாதீர்கள். முதலாளியின் நடத்தையால் வேலையை விட வேண்டி வந்தது என்று வழக்காடுவதானால், 1967 தொழில் உறவுச் சட்டத்தின்படி வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுத்துமூலம் கொடுத்திருக்க வேண்டும். 61ஆவது நாள் போய்ப் பயனில்லை.

அந்த 555 நோட்டு

விஷயம் எச்.ஆர். வரை போகிறது என்றால் பத்திரமாக வீட்டில் வையுங்கள். போகவில்லை, ஆள் கொஞ்சம் மாறிவிட்டார் என்றால் கிழித்துப் போடுங்கள். அலுவலக மேசை டிராயரில் மட்டும் விடாதீர்கள். என்னுடையது நான்கு மாதம் கழித்து, ஸ்டேப்ளர் தேடி வந்த அண்ணன் கையில் கிட்டத்தட்ட சிக்கிவிட்டது. மேலட்டையைப் பார்த்து, "யார்கிட்டம்மா கடன்?" என்றார். மளிகைக் கடை பாக்கி அண்ணே, கட்டியாச்சு என்றேன். அன்று சாயங்காலமே ஷ்ரெடரில் போட்டேன்.